இனிப்புக்குள் ஒளியும் மது

பழச்சுவையும் வண்ணமும் சேர்த்துச் சிறு குப்பிகளில் விற்கப்படும் இனிப்பு மதுவகைகளைப் பலர் குளிர்பானத்துக்கு நெருங்கிய உறவாகவே எண்ணுகின்றனர். 4.8 விழுக்காடு மதுச்சத்துள்ள 275 மி.லி. குப்பி ஒன்றில் ஏறத்தாழ 10 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. 42.8 விழுக்காடுள்ள பிராந்தி 30 மி.லி.யிலும் அதே 10 கிராம்தான். கசப்பும் எரிச்சலும் இளையவரைத் தடுக்க இயற்கை இட்ட வேலி. சர்க்கரை அதைப் பிடுங்கிவிடுகிறது. மனித மூளையோ ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. பதினைந்து வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்குவோர் பிற்காலத்தில் குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பும் மிகுதி.

இத்தகைய பானங்களின் மீது ஜெர்மனி 2004இல் தனி வரி விதித்தது. ஆஸ்திரேலியா 2008 ஏப்ரலில் அவற்றின் வரியை ஏறத்தாழ 70 விழுக்காடு உயர்த்தியது. இரு நாடுகளிலும் அப்பானங்களின் விற்பனை சரிந்தது. ஆனால் ஜெர்மனியில் உற்பத்தியாளர்கள் வரிக்குள் வராத பீர் கலவைகளுக்கு மாறினர். ஆஸ்திரேலியாவில் குடிப்போர் சிலர் நேரடியாகச் சாராய வகைகளை வாங்கித் தாமே கலந்துகொண்டனர். சுவைக்கு வரி போட்டால் சுவை மாறும். ஆல்கஹாலின் கிராம் அளவுக்கு வரி போடுவதே பொருந்தும் என்பது எம் கருத்து.

காட்டுப்பள்ளியிலும் பழவேற்காடு ஏரியை அடுத்த குப்பங்களிலும் இதை நினைவில் கொள்ள வேண்டும். விலையுயர்ந்த வண்ணக் குப்பியைக் காட்டிலும், மலிவான குவார்ட்டரைக் குளிர்பானத்தில் ஊற்றிக் கலப்பதே எளிது. அந்த இனிப்பைச் சுவைவரி எட்டாது. மது சரக்கு, சேவை வரிக்குள் வராததால், அதன் வரியை முடிவு செய்வது மாநில அரசே. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம். விலையை உயர்த்தும் கையே வருவாயையும் பெறுகிறது என்பது இதிலுள்ள இக்கட்டு. விலை ஏறினால் சிலர் கள்ளச்சாராயத்தை நாடக்கூடும் என்ற அச்சமும் பொய்யன்று. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவக் குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைப் பறித்தது. ஆகவே வரியோடு கடுமையான கண்காணிப்பும் சேர்ந்தாக வேண்டும்.

சட்டம் தன் பங்கைச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவருக்கு மருத்துவர் ஆலோசனையின்றி மது கொடுப்போருக்கு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். திருவிழா நாளில் “ஒரு வாய்” என்று பிள்ளைக்கு நீட்டும் மாமனும் சித்தப்பாவும் இதற்கு விலக்கல்லர். கடைக்குச் சிறுவனை அனுப்புவதும் வேண்டா.

குடித்த இளைஞர் எழுப்பியும் எழாமல் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச்சாறு, காப்பி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீர்கள். தனியே விடாமல் 108ஐ அழையுங்கள். பார்வை மங்குகிறது என்று அவர் சொன்னால் மெத்தனால் நஞ்சாக இருக்கலாம். ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. நாள்தோறும் குடித்துவந்தவர் மருத்துவர் மேற்பார்வையின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்; அவரை முதலில் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். பிள்ளையைப் பற்றிய கவலையைப் பேச, டெலி-மனாஸ் சேவையின் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.