அந்திப் பந்தும் அதிகாலைப் பந்தும்

கேள்வி: காலை 6 மணிப் பயிற்சியில் என் கால்கள் மரத்துக் கிடக்கின்றன, மாலையிலோ பறக்கின்றன. இது சோம்பலா?
– உதைபந்தாட்டப் பிரியர், கொட்டாஞ்சேனை

பதில்: சோம்பல் என்று உம்மைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. மனித தேகத்தின் உஷ்ணம், நாம் கண்விழிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு மிகவும் தாழ்ந்து, பின்னர் மெல்ல மெல்ல ஏறி, மாலை 4 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் உச்சத்தைத் தொடுகிறது. இந்தப் பேதம் பெரும்பாலும் ஒரு பாகை செல்சியசுக்குள் அடங்கிவிடுமாயினும், அந்த அற்ப வெப்பமே தசைகளை இளக்கி, நரம்புகளின் கட்டளையைத் துரிதப்படுத்துவதால், குறுகிய தூர ஓட்டமும் தாவலும் அந்தியில் மேம்படுகின்றன. வெள்ளவத்தையில், புகையிரதத் தண்டவாளத்துக்கு அப்பாலுள்ள ஒடுங்கிய மணலிலே, இரண்டு செருப்புகளைக் கோல் கம்பங்களாகப் பாவித்து, சூரியன் கடலில் இறங்கும் வேளையில் பந்தடிக்கும் சிறுவர்களுக்கு இதை எந்தச் சாஸ்திரமும் போதிக்கவில்லை.

தேக உஷ்ணத்தின் இந்த ஏற்ற இறக்கம் கடிகார முள்ளைப் பார்த்து நடப்பதல்ல. 1996 மே மாதத்தில், மின்சாரச் சிக்கனத்துக்காக இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டு, ஒக்டோபரில் அரைமணி பின்வாங்கி, 2006 ஏப்ரலிலேதான் பழைய நிலைக்கு மீண்டன. ஆனால் தேகம் அரசாங்க ஆணைக்கு அல்ல, சூரியனுக்கே கீழ்ப்படிவது!

எனினும் காலையில் பயிற்சி வைக்கும் உமது பயிற்றுநர் பக்கமும் நியாயமுண்டு. கொழும்பின் புழுக்கத்தில் நெடுநேரம் ஓடுவதற்குக் காலைக் குளிர்ச்சி உபகாரமானது. தினந்தோறும் ஒரே வேளையில் பயின்றால், தேகமும் அவ்வேளைக்கு ஓரளவு பழகிவிடும். ஆகவே போட்டி காலையிலாயின், காலையிலேயே பயிலும். பந்தைத் தொடுமுன், வியர்வை அரும்பும்வரை மெதுவாக ஓடி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும்.