பூனை: பரிவும் பேணுதலும்

நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் எவருடைய அனுமதியும் கேளாமல் வந்து போகும் பிராணி பூனை. அடுப்படியில் படுத்துக்கொள்ளும், பரணில் குட்டி போடும், ஹவுளின் விளிம்பில் நின்று நீர் குடிக்கும். அதை விரட்டாமல் விடுவது நம்மிடையே பரம்பரையாக வந்த வழக்கம். அதற்கு மார்க்க ஆதாரமும் இருக்கிறது.

ஆனால் தெருப்பூனைகளின் குடலில் வாழும் ஒட்டுண்ணிகள் மனிதருக்கும் நோய் தரக் கூடியவை என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். இதைக் கேட்டதும் இரு சாரார் இரு விதமாக நடந்துகொள்கிறார்கள். வீட்டில் ஒரு பெண் கர்ப்பமானதும், பல ஆண்டு வளர்த்த பூனையைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவருபவர்கள் ஒரு சாரார். "பூனை நஜீஸ் அல்ல என்று நபி (ஸல்) அவர்களே சொல்லியிருக்கும்போது, புழுவாவது நோயாவது!" என்று அலட்சியமாக இருப்பவர்கள் மற்றொரு சாரார். முதல் சாரார் பிராணிக்கு அநீதி செய்கிறார்கள். இரண்டாம் சாரார் மார்க்கம் சொல்லாத ஒன்றை மார்க்கத்தின் பெயரால் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மை என்ன என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

மார்க்கம் கூறுவது

அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்வதற்காக அவர்களின் மருமகள் கப்ஷா அம்மையார் தண்ணீர் எடுத்து வைத்தார்கள். அப்போது ஒரு பூனை வந்தது. அபூ கதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, பூனை நஜீஸ் அல்ல என்றும், அது நம்மைச் சுற்றி வந்துகொண்டிருக்கும் பிராணி என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். முவத்தா, அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய கிரந்தங்களில் இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது.

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு கொடாமல், வெளியே சென்று இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நரக வேதனை கிடைத்ததை புகாரியும் முஸ்லிமும் அறிவிக்கின்றன. ஹதீஸ்களை மிக அதிகமாக அறிவித்த ஸஹாபியை உலகம் அறிந்திருப்பதே 'பூனைக்குட்டியின் தந்தை' என்னும் பொருளுடைய அபூ ஹுரைரா (ரலி) என்ற பெயரால்தான். ஆகவே பூனையிடம் பரிவு காட்டுவது நமக்கு வெறும் வழக்கமன்று, கடமையைச் சேர்ந்தது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். ஷாஃபிஈ மத்ஹபில் பூனையின் உடலும் அது வாய் வைத்த மீதியும் சுத்தமானவை. எலியைத் தின்று வாயில் அசுத்தம் இருப்பதைக் கண்ணால் கண்டால், அந்நிலையில் அது வாய் வைத்த சிறிதளவு நீருக்குத் தனிச் சட்டம் உண்டு. ஹனஃபீ மத்ஹபில் அதன் மீதி நீர் சுத்தமானதே. எனினும் வேறு நீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது விரும்பத்தக்கதல்ல. ஆனால் பூனையின் மலமும் சிறுநீரும் நஜீஸ் என்பதில் இரு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இதை வாசகர்கள் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். சலுகை கிடைத்தது பூனையின் வாய்க்கு. அதன் மலத்துக்கு அல்ல. மருத்துவம் கூறும் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அதுவும் பெரும்பாலும் மலத்தில்தான் இருக்கிறது.

பூனையின் குடலில் இருப்பவை

உருளைப்புழு: டாக்ஸோகாரா காட்டி என்பது இதன் பெயர். குட்டிகள் தாய்ப்பாலின் வழியாகவே இதைப் பெற்றுவிடுகின்றன. இதன் முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுந்து, இரண்டு மூன்று வாரங்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. பிறகு மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கின்றன. மண்ணில் விளையாடிய குழந்தை கை கழுவாமல் வாயில் விரல் வைத்தால் முட்டைகள் வயிற்றுக்குள் போகின்றன. மனித உடலில் இந்தப் புழு முழு வளர்ச்சி அடைவதில்லை. வழி தெரியாத அதன் குஞ்சு, ஈரல், நுரையீரல், சில சமயம் கண் என்று உடலுக்குள் அலைகிறது. 1950 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வைல்டர் என்ற ஆய்வாளர், பெரும்பாலும் புற்றுநோய் என்று எண்ணி அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களைச் சோதித்தார். 46 கண்களில் 24இல் அவர் கண்டது புழுவின் குஞ்சுகளையும் அவை விட்டுச்சென்ற அடையாளங்களையும்தான். நாய், பூனை ஆகியவற்றின் உருளைப்புழுக்களே இத்தகைய கண்நோய்க்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

கொக்கிப்புழு: இதன் குஞ்சுகள் ஈர மணலில் வாழ்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைகின்றன. தோலின் கீழ் பாம்பு ஊர்ந்தது போல் சிவந்த கோடுகளும் தாங்க முடியாத அரிப்பும் உண்டாகும். 1911 ஆம் ஆண்டு லூஸ் என்பவர் இலங்கையின் புனுகுப்பூனையிலிருந்து விவரித்த கொக்கிப்புழு ஒன்று, அந்நாட்டின் பழைய பெயரையே தாங்கி 'சிலானிகம்' எனப்படுகிறது. பூனை, நாய் இவற்றின் குடலில் வாழும் இது மனிதக் குடலிலும் முழு வளர்ச்சி அடைந்து இரத்தத்தை உறிஞ்ச வல்லது.

நாடாப்புழு: அரிசி போன்ற இதன் துண்டுகளைப் பூனையின் ஆசனவாயில் காணலாம். பூனையின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியைக் குழந்தை தற்செயலாக விழுங்கினால்தான் இது தொற்றும். பெரிய தீங்கு செய்வதில்லை.

கர்ப்பிணிகள் அறிய வேண்டியது

டாக்ஸோபிளாஸ்மா என்பது புழுவன்று. கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர். 1908 ஆம் ஆண்டு தூனிஸ் நகரில் நிக்கோல், மான்ஸோ என்ற இருவர், எலியினத்தைச் சேர்ந்த ஒரு பிராணியில் இதைக் கண்டார்கள். ஆனால் இதில் பூனையின் பங்கு தெரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1965இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஹட்சிஸன் என்பவர், பூனையின் மலத்தின் வழியாக இது தொற்றுவதைச் சோதனையில் காட்டினார். உருளைப்புழுவின் முட்டைக்குள் ஒளிந்து இது வெளியேறுகிறது என்று அவர் எண்ணினார். அது சரியன்று என்றும், இதற்கெனத் தனி நுண்கூடு உண்டு என்றும் சில ஆண்டுகளில் நிறுவப்பட்டது.

பூனை, எலியையோ பறவையையோ பச்சை இறைச்சியையோ தின்று இந்தத் தொற்றைப் பெறுகிறது. பிறகு ஒன்று முதல் மூன்று வாரம் வரை இலட்சக்கணக்கான நுண்கூடுகளை மலத்தில் வெளியேற்றுகிறது. பெரும்பாலும் ஒரு பூனையின் ஆயுளில் இது ஒரு முறையே நிகழ்கிறது. வெளியேறிய உடனே அந்தக் கூடுகள் தொற்றுவதில்லை. அதற்கு ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை செல்லும். அதன்பின் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் அழியாமல் இருக்கக்கூடும்.

ஆரோக்கியமானவரை இது தொற்றினால் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. சிலருக்குக் கழுத்தில் நெறி கட்டிக் காய்ச்சல் வரும். கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு முதன்முறையாகத் தொற்றினால்தான் கவலை. அது கருவிலுள்ள சிசுவை அடைந்து மூளையையும் கண்ணையும் கெடுக்கக்கூடும், கருச்சிதைவும் நேரலாம். முன்பே தொற்று வந்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருப்பவரின் சிசுவுக்குப் பொதுவாக அபாயம் இல்லை. எய்ட்ஸ் போன்ற நோயால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, உடலில் உறங்கிக் கிடந்த பழைய தொற்றே விழித்து மூளையைத் தாக்கலாம்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பலருக்கு இத்தொற்று வருவது பூனையைத் தொட்டதால் அல்ல; சரியாக வேகாத இறைச்சியாலும், மண் போகக் கழுவாத காய்கறியாலும், மண் படிந்த கையாலும்தான். பூனையைத் தடவிக் கொடுப்பதால் வரும் அபாயம் மிகக் குறைவு. ஆகவே பழகிய பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுவதால் நோயும் தடுக்கப்படுவதில்லை; பாவம்தான் மிஞ்சுகிறது.

தண்ணீரில் ஒரு படிப்பினை

1995இல் கனடாவின் விக்டோரியா நகரில் 100 பேர் அளவில் டாக்ஸோபிளாஸ்மா தொற்றுக்கு ஆளானது கண்டறியப்பட்டது. சிலருக்குக் கண்ணின் விழித்திரையே பாதிக்கப்பட்டது. உண்மையில் தொற்றியவர்கள் சில ஆயிரம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஆராய்ந்தபோது சந்தேகம் நகரின் குடிநீர்த் தேக்கத்தின் மேல் விழுந்தது. அதன் சுற்றுப்புறத்தில் பூமா என்னும் காட்டுப்பூனை இனமும், வீடின்றித் திரியும் பூனைகளும் நடமாடின. அந்த நீரில் கிருமிநாசினி கலக்கப்பட்டிருந்தது. ஆனால் நீர் வடிகட்டப்படவில்லை. குளோரின் வகை மருந்துகளுக்கு இந்த நுண்கூடுகள் மடிவதில்லை. கொதிக்க வைத்தால் மடியும்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு குல்லத்துக்குக் குறையாத, அதாவது ஏறத்தாழ 200 லிட்டர் நீரில் நஜீஸ் விழுந்தாலும், நிறம், மணம், சுவை மாறாதவரை அது ஒளுவுக்குத் தகும் என்பது ஷாஃபிஈ சட்டம். இது அடியார்களுக்கு அல்லாஹ் தந்த இலேசு. ஆனால் விக்டோரியா நகரத்து நீரிலும் நிறம், மணம், சுவை எதுவும் மாறவில்லை. ஒளுவுக்குக் கூடும் என்பது வேறு. குடிக்கத் தக்கது என்பது வேறு. முதற் கேள்விக்கு ஃபிக்ஹ் நூல் பதில் சொல்லும். இரண்டாவதற்கு மருத்துவரைக் கேட்க வேண்டும். தனக்கும் பிறர்க்கும் தீங்கு செய்யலாகாது என்ற நபிமொழி இரண்டுக்கும் பொதுவானது.

நாம் செய்ய வேண்டியவை

1. வீட்டில் பூனைக்கு மணல் தட்டு வைத்திருந்தால் அன்றாடம் மலத்தை அகற்றிவிட வேண்டும். ஒரு நாள் கழிந்தால்தான் நுண்கூடு தொற்றும் நிலையை அடையத் தொடங்குகிறது என்பதை மேலே கண்டோம். தட்டைக் கொதிநீரால் கழுவலாம்.

2. மனைவி கர்ப்பமாயிருந்தால் இந்த வேலையைக் கணவன் ஏற்க வேண்டும். வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியது நபி (ஸல்) அவர்களின் வழிமுறை. வேறு ஆள் இல்லையென்றால் அப்பெண் கையுறை அணிந்து செய்து, பின் சோப்பால் கை கழுவ வேண்டும்.

3. வீடு கட்டக் கொட்டிய மணற்குவியலைத் தார்ப்பாயால் மூட வேண்டும். பூனைக்கு மிக உகந்த கழிப்பிடம் அதுதான். நம் பிள்ளைகளுக்கு மிக உகந்த விளையாட்டிடமும் அதுதான். மத்ரஸா முற்றத்து மணலுக்கும் இதே கவனம் தேவை.

4. ஹவுளுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் பூனை அசுத்தம் செய்ய முடியாதபடி மூடியோ கம்பி வலையோ போட ஜமாஅத்தார் முன்வர வேண்டும். ஹவுள் நீரை வாய் கொப்பளித்தபின் உமிழ்ந்துவிட வேண்டும், குடிக்கலாகாது. பூனை குடிப்பதற்கென்று தனியே ஒரு சட்டியில் நீர் வைத்தால் அதற்கும் கூலி உண்டு.

5. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி ஆட்டின் பச்சைக் கழிவுகளைப் பூனைகளுக்கு எறியாதீர்கள். ஆட்டிறைச்சியிலும் டாக்ஸோபிளாஸ்மா இருக்கலாம். வேகவைத்துக் கொடுப்பதே நலம். இறைச்சி அரிந்த கையையும் பலகையையும் சோப்பால் கழுவ வேண்டும்.

6. வளர்க்கும் பூனைக்கும் குட்டிகளுக்கும் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். இம்மருந்து புழுக்களுக்கே, டாக்ஸோபிளாஸ்மாவை அது தடுக்காது.

7. தோட்ட வேலை செய்தபின்னும், பிள்ளைகள் விளையாடி வந்தபின்னும், உணவுக்கு முன்னும் கை கழுவும் வழக்கம் வீட்டில் நிலைக்க வேண்டும்.

சில ஐயங்கள்

பூனை முடி ஒட்டிய ஆடையுடன் தொழலாமா? சிறிதளவு முடி ஒட்டியிருப்பதால் தொழுகைக்குக் குறைவில்லை. மலம் பட்டிருந்தால் கழுவியே ஆக வேண்டும்.

மலத்தின் அடையாளம் போனபின் அவ்விடம் சுத்தம்தானே? நீர் ஊற்றிக் கழுவி, நிறமும் மணமும் நீங்கினால் தொழுகைக்கு அவ்விடம் சுத்தமே. எனினும் நுண்கூட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழந்தை தவழும் இடமானால் சோப்பு நீரால் தேய்த்து, கொதிநீரும் ஊற்றுவது பேணுதலாகும்.

கர்ப்பிணி பயந்துகொண்டே இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. முன்பே தொற்று வந்ததா என்பதை ஓர் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் காட்டிவிடும். கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்றியிருந்தாலும், சிசுவைக் காக்கும் மருந்துகளை மருத்துவர் கொடுப்பார். மறைத்து வைப்பதும் காலம் கடத்துவதும்தான் தவறு.

பூனை நம்மைச் சுற்றி வரும் பிராணி என்பது நபிமொழி. சுற்றி வருவதை விரட்டாமலிருப்பது நமது பரிவு. அது விட்டுச் செல்லும் அசுத்தத்தை நம் குழந்தைகளின் கைக்கும் வாய்க்கும் எட்டாமல் அகற்றுவது நமது பேணுதல். இரண்டையும் ஒருங்கே கடைப்பிடிக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.