18 நிமிடம், ஒரே சுழற்சி

ட்ரம்ஸ் படிக்க வருகிற பிள்ளைகள் ஜான் போனம் மாதிரி, நீல் பியர்ட் மாதிரி வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். நல்ல ஆசைதான். ஆனால் நான் முதலில் போட்டுக் காட்டுவது யாக்கி லீபெட்சைட்டை. ஜெர்மனியின் கொலோன் நகரில் 1968இல் தொடங்கிய ‘கேன்’ குழுவின் ட்ரம்மர். நம்மூரில் அந்தக் குழுவைக் கேட்டவர்களே குறைவு.

1938இல் பிறந்த அவர் ஜாஸிலிருந்து வந்தவர். மான்ஃப்ரெட் ஷோஃப் குழுவில் ஃப்ரீ ஜாஸ் வாசித்தார். நிலையான தாளத்தை ஒதுக்கிய அந்த இசை அலுத்துப்போய், ஒரே சுழற்சியை விடாமல் வாசிக்கும் பக்கம் திரும்பினார்.

கேனின் ‘டேகோ மேகோ’ (1971) ஆல்பத்தில் ‘ஹாலேலூவா’ 18 நிமிடத்துக்கும் மேல் ஓடும். ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஸ்னேரில் விழும் பலத்த அடிகளுக்கு நடுவே, கேட்டும் கேட்காமலும் சின்னச் சின்னத் தட்டல்கள். உயிர் அங்கேதான் இருக்கிறது. மிருதங்கத்தில் சர்வலகு வாசிப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை.

அந்த நாளில் கேன் குழுவினர் இரண்டே ட்ராக்கில் பதிவு செய்தார்கள். பிறகு ஸ்னேரைக் கூட்டவோ கிக்கைக் குறைக்கவோ வழியில்லை; எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைக் கைதான் தீர்மானிக்க வேண்டும். பாஸ் வாசித்த ஹோல்கர் ச்சுகாய்தான் டேப்பை வெட்டி ஒட்டிப் பாட்டாக்குவார். வேகம் ஆடினால் ஒட்டு பல்லிளித்துவிடும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பயிற்சி: ஒரே பேட்டர்ன், ஃபில் கிடையாது, பத்து நிமிடம். முதலில் மெட்ரோனோமோடு, பிறகு அது இல்லாமல். மூன்றாவது நிமிடத்தில் கை பரபரக்கும், ஒரு ரோல் போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். அதைத் தாண்டினால் தோள் தளர்ந்து, மெல்லிய அடிகள் தானாகச் சீராகும். பத்து நிமிடத்தையும் மொபைலில் பதிவு செய்து, முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வேகம் எங்கே ஓடியது என்று காது சொல்லிவிடும்.

பெயர் பெரிதாகப் பரவாவிட்டாலும் தேடி வந்தவர்கள் பெரியவர்கள். பிரையன் ஈனோவின் 1977 ஆல்பத்திலும், டெபெஷ் மோடின் ‘அல்ட்ரா’விலும் (1997) வாசித்திருக்கிறார். பிற்காலத்தில் கால் பெடலையே விட்டுவிட்டார். இசைக்கலைஞர் பர்ன்ட் ஃப்ரீட்மனோடு செய்த ‘சீக்ரெட் ரிதம்ஸ்’ வரிசை அந்தக் காலத்தது. 2017இல் கொலோனில் காலமானார்.

18 நிமிடம் மலைப்பாக இருந்தால் கேனின் ‘விட்டமின் சி’யில் (1972) தொடங்குங்கள். நாலு நிமிடம்கூட வராது. பாடகரை விட்டுவிட்டு கிக்கை மட்டும் பின்தொடருங்கள்.