‘13,000 இறாத்தல் இழுக்குமாம்!’

கோடை வந்தால் போதும். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் இதைத் தொடங்கிவிடுவார்: “என்ர பிக்கப் 13,000 இறாத்தல் இழுக்கும் அண்ணை. நாங்கள் பார்த்த ட்ரெய்லர் வெறும் 7,500. அதுக்கு இது ஒரு பாரமே இல்லை.” சொல்லிவிட்டு, டீலர் அனுப்பிய விளம்பரப் பக்கத்தைப் போனில் காட்டுவார். பக்கத்தில் இருப்பவரும் தலையாட்டுவார். அடுத்த வருடம் அவரும் ஒன்று வாங்குவார்.

பிரேக்கும் சஸ்பென்ஷனும் பார்த்துப் பிழைக்கிற எனக்கு இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த 13,000 பொய் இல்லை. ஆனால் அது உங்கள் வண்டிக்கும் உங்கள் குடும்பத்துக்கும் எழுதப்பட்ட எண் இல்லை.

வட அமெரிக்க பிக்கப்புகளின் இழுவைத் திறனை எஸ்ஏஇ ஜே2807 என்ற தரவிதிப்படி கணிக்கிறார்கள். அரிசோனாவில் டேவிஸ் டாம் ஏற்றம் என்று ஒரு நீண்ட மலைச்சாலை இருக்கிறது. ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, சாதாரண பிக்கப் அங்கே மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறவேண்டும். கடுமையான பரீட்சைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது ஆளுக்கு 150 இறாத்தல் வீதம் இரண்டே பேர். பாட்டி இல்லை, பிள்ளைகள் இல்லை, இறைச்சி ஊறப்போட்ட கூலர் இல்லை. போதாக்குறைக்கு, விளம்பரத்தில் வரும் எண் அந்த மாடலிலேயே அதிகம் இழுக்கக்கூடிய எஞ்சினும் அச்சும் பொருத்திய வண்டிக்கு உரியது. நீங்கள் வாங்கியதோ தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் வைத்தது. அந்த ஆடம்பரத்தின் எடையெல்லாம் வண்டி சுமக்கக்கூடிய பாரத்தில் கழிந்துபோகும்.

எவ்வளவு கழிந்தது என்று பார்க்க டீலரிடம் போகத் தேவையில்லை. ஓட்டுநர் கதவைத் திறவுங்கள். டயர் காற்றழுத்தம் போட்ட ஸ்டிக்கர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும். ஏறும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து தாண்டக்கூடாத எடை அதில் கிலோவிலும் இறாத்தலிலும் இருக்கும். ஓட்டுகிற நீங்களும் அதற்குள் அடக்கம்.

1,480 இறாத்தல் என்று போட்ட ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். வசதிகள் கூடிய அரை டன் பிக்கப்பில் இது வழமையான எண்தான். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 680. ட்ரெய்லர் கொழுவும் ஹிட்ச் 90. பின்பெட்டி மூடி 60. சைக்கிள், ஜெனரேட்டர், கூலர், கரி மூட்டை என்று 150. மிச்சம் 500. ட்ரெய்லர் தன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்தை ஹிட்ச்சின் மேல் இறக்கவேண்டும். அப்போதுதான் ஆடாமல் வரும். நடுவில் 13 சதவீதம் என்று வைத்தால் 7,500 இறாத்தல் ட்ரெய்லர் இறக்குவது 975. இருப்பதோ 500. கணக்கைத் திருப்பிப் போட்டால், இந்தக் குடும்பத்துடன் இந்த வண்டி இழுக்கக்கூடிய ட்ரெய்லர், சாமான் ஏற்றியபின் சுமார் 3,850 இறாத்தல்தான். எங்கே 13,000, எங்கே 3,850!

“கொஞ்சம் கூடினால் என்ன, கொம்பனிக்காரன் இடம் விட்டுத்தானே போட்டிருப்பான்?” என்பது அடுத்த கேள்வி. ஹிட்ச்சின் உருண்டை பின் அச்சுக்கு மேலே இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது. அச்சுகளுக்கு இடையே 145 அங்குலமும் பின் அச்சிலிருந்து உருண்டைக்கு 65 அங்குலமும் என்றால், அங்கே இறங்கும் 975 இறாத்தல் சீசோப் பலகைபோல முன்சக்கரங்களிலிருந்து ஏறக்குறைய 435 இறாத்தலைத் தூக்கிவிடும். பின் அச்சுக்கு ஏறுவது 1,400க்கும் மேல். திருப்புவதும், பிரேக் பிடிப்பதில் பெரும் பங்கும் முன்சக்கரங்களின் வேலை. அவற்றைப் பாரமிழக்க விட்டுவிட்டு, மழை பெய்யும் 401இல் பாரலொறிகளுக்கு நடுவே போகிறீர்கள். எஞ்சின் சிரமமில்லாமல் இழுக்கும். அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டால் தீர்ந்தது என்பார்கள். போடத்தான் வேண்டும், அது முன்சக்கரங்களுக்குப் பாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். கதவு ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் கூட்டாது. பின்னால் காற்றுப்பை பொருத்துவதும் அப்படித்தான். தொங்கிய வால் நிமிரும், சுமக்கும் உரிமை கூடாது. இடுப்பு வலிக்கு மாத்திரை விழுங்கிவிட்டு இன்னொரு மூட்டை தூக்குகிறவருக்கு நான் என்ன சொல்வது?

பிரசுரத்தில் உள்ள ட்ரெய்லர் எடை வெற்று எடை. டீலர் பிறகு பூட்டும் பட்டரி பெரும்பாலும் அதில் இல்லை. தண்ணீர் ஒரு கலன் 8 இறாத்தலுக்கு மேல். 40 கலன் தொட்டியை நிரப்பினால் 330ஐத் தாண்டும். சந்தேகமென்றால் பாரலொறிகள் நிற்கும் இடத்துத் தராசில் குடும்பத்தோடு ஏறி நிறுங்கள். முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சு மூன்றுக்கும் தனித்தனி எடை போட்டுத் துண்டு தருவார்கள்.

ஹிட்ச் பாரத்தைக் குறைக்கச் சாமானை ட்ரெய்லரின் பின்பக்கம் அடுக்கச் சொல்லும் புத்திசாலிகளும் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். பின்பாரம் கூடிய ட்ரெய்லர்தான் பாம்புபோல் நெளியத் தொடங்கும். நெளிந்தால் வண்டியின் பிரேக்கை மிதிப்பதும் தப்பு, வேகத்தைக் கூட்டி நேராக்கலாம் என்பதும் தப்பு. காலை மெல்ல எடுத்து, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தவேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி எங்கே இருக்கிறதென்று தெரியாமலே அல்கொங்குவின் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர் இடம் இல்லை என்று வெட்டினாலும் பரவாயில்லை. கலிபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு எல்லை மணிக்கு 55 மைல், கிட்டத்தட்ட 88 கிலோமீட்டர். ஒன்ராறியோவில் அப்படித் தனி எல்லை இல்லை. சில நெடுஞ்சாலைகளில் 110 அனுமதித்ததும், நம்மவர்கள் வீட்டை இழுத்துக்கொண்டு 115இல் பறக்கிறார்கள். வேகக் குறி எதுவும் இல்லாத எஸ்டி வகை ட்ரெய்லர் டயர் மணிக்கு 65 மைலுக்குச் செய்தது. அது 105 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே. இங்கேயும் 90 என்று சட்டம் வரவேண்டும். வரும்வரை வலது லேனில் 90இல் போங்கள். பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.