அருவியும் வடிகாலும்

நுழையும்முன்

ஊருணியில் கால் நனைக்கவும் தயங்கிய மக்கள் வாழ்ந்த நாடு தமிழ்நாடு. அத்தகைய நாட்டில் தெருவோர வடிகால்கள் இன்று குப்பையும் எண்ணெயும் சுமந்து ஆறுகளை அடைகின்றன. மலையில் தூய்மையாகப் பிறக்கும் நீர் ஊர்களைக் கடக்கையில் அடையும் மாற்றத்தையும், அதைத் தடுக்கும் வழிகளையும் குற்றாலத்துச் சிற்றாற்றின் வழியே விளக்குகிறது இப்பாடம்.

சாரல் நாட்டின் ஆறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய திரிகூடமலையில் தோன்றுவது சிற்றாறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மலைமுகடுகளை மேகம் மூடும். குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரல் தூவும். தேனருவி, செண்பகாதேவி அருவி எனப் படிப்படியாக இறங்கிவரும் நீர், பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து, பேரருவியாக நீராடுவோர்மீது பொழிகிறது. இம்மலையின் வளத்தைத் திரிகூடராசப்பக் கவிராயர் தம் திருக்குற்றாலக் குறவஞ்சியில் பாடியுள்ளார்.

அருவியில் நீராடித் திரும்புவோர் பலர் எண்ணிப் பாராத செய்தி ஒன்று உண்டு. அருவி முடியும் இடத்தில் ஆறு முடிவதில்லை. சிற்றாறு தென்காசியையும் வீரகேரளம்புதூரையும் கங்கைகொண்டானையும் கடந்து, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியுடன் கலக்கிறது. வழியெங்கும் தடுப்பணைகளால் தேக்கப்பட்டுக் குளங்களை நிரப்புகிறது, வயல்களை விளைவிக்கிறது. தாமிரபரணியில் வல்லநாட்டருகே எடுக்கப்படும் நீர் தூத்துக்குடி மக்களுக்குக் குடிநீராகிறது. ஆகவே, குற்றாலத்தில் ஒருவர் குளித்த நீர், அதற்குக் கீழே உள்ள எத்தனையோ ஊர்களின் பொதுச்சொத்து.

நீராடலும் நீர்க்கேடும்

எண்ணெய் தேய்த்து அருவியில் குளிப்பது குற்றாலத்தில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். வருவோர் சிலராக இருந்த காலத்தில் ஆறு அதைத் தாங்கிக்கொண்டது. சாரல் காலத்தில் பெருந்திரளான மக்கள் கூடத் தொடங்கியதும் எண்ணெயுடன் சோப்பும் ஷாம்பும் சேர்ந்தன. அவற்றை அடைத்துவந்த நெகிழி உறைகளும் பாறையிடுக்குகளில் சேர்ந்தன.

சோப்பு அழுக்கை நீக்கும் பண்பே நீர்வாழ் உயிர்களுக்குப் பகையாகிறது. சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் பற்றும். இதனால் நீரின் பரப்பு இழுவிசை குறைகிறது. மீன்களின் செவுள்களைக் காக்கும் வழவழப்பான படலம் சிதைகிறது. நீர்ப்பரப்பில் பரவும் எண்ணெய்ப் படலமோ, காற்றிலுள்ள உயிர்வளி நீரில் கரைவதைத் தடுக்கிறது. சலவைத்தூள்கள் சிலவற்றில் உள்ள பாஸ்பேட்டு, தேங்கிய நீரில் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிறது. அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி மேலும் குறைகிறது; மீன்கள் மூச்சுத்திணறி இறக்கின்றன.

இக்கேட்டினை உணர்ந்தே, குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. அருவிக்கரையில் இத்தடையை நினைவூட்டக் காவலர் உண்டு. அறிவிப்புப் பலகை உண்டு. ஆனால், அதே ஆற்றைச் சென்றடையும் தெருவோர வடிகாலின் வாயிலில் காவல் நிற்பவர் எவருமிலர்.

வடிகால் எங்கே செல்கிறது?

வீட்டுக் கழிவுநீரைக் கொண்டுசெல்லும் புதைசாக்கடையும் மழைநீர் வடிகாலும் ஒன்றல்ல. புதைசாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்தை அடைந்து, தூய்மையாக்கப்பட்ட பின்னரே வெளியேற வேண்டும் என்பது நெறி. மழைநீர் வடிகாலுக்கு இடையில் அத்தகைய நிலையம் ஏதுமில்லை. தெருவில் விழும் நீரை ஓடைக்கோ குளத்துக்கோ ஆற்றுக்கோ நேரே கொண்டுசேர்ப்பது அதன் பணி. மழைநீர் ஒன்றே அதில் செல்லத்தக்கது.

நடைமுறையிலோ, பரோட்டாக் கடையில் மிஞ்சிய எண்ணெய், இருசக்கர வாகனம் கழுவிய நீர், பட்டறையின் கழிவு எண்ணெய், கட்டடப் பணியில் மிஞ்சிய சிமெண்டுக் கரைசல், தேநீர்க் குவளைகள் ஆகிய அனைத்துக்கும் வடிகாலே புகலிடமாகிறது. கோடையில் சாலைமீது படிந்த தூசும் எண்ணெய்க் கசிவும் முதல் மழையில் ஒருசேர அடித்துச் செல்லப்படுகின்றன. எனவே, பருவத்தின் முதல் வெள்ளமே பெரும்பாலும் அழுக்கு மிக்கதாக இருக்கிறது. குப்பையால் வடிகால் அடைபட்டால் அதே நீர் தெருவுக்குத் திரும்புகிறது; கொசு பெருகுகிறது; நோய் பரவுகிறது.

முன்னோர் வகுத்த நெறி

நீர்நிலைகளைப் பயன்பாட்டுக்கேற்பப் பிரித்து வழங்கியவர் தமிழர். உண்பதற்குரியது ஊருணி, குளிப்பதற்குரியது குளம், பாசனத்துக்குரியது ஏரி. ஒன்றின் பணியை மற்றொன்றில் செய்யாமையே ஒழுக்கமாக இருந்தது. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஏரியைப் பேண ஏரி வாரியம் என்னும் குழு இயங்கியதைக் காட்டுகின்றன. ஊரார் கூடி வரத்துக்கால்களைத் தூர்வாரும் குடிமராமத்து முறையும் அவ்வழிப்பட்டதே. நீரைக் காப்பதை ஊரே தன் கடமையாகக் கொண்டிருந்தது.

> தெரிந்து தெளிவோம்
> நீர் மாசுபடுவதைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் இந்தியாவில் 1974ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு உள்ளிட்ட இயற்கைச் சூழலைப் பாதுகாப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் அடிப்படைக் கடமை என இந்திய அரசமைப்பின் 51அ பிரிவு கூறுகிறது.

மீட்க இயலும்

கெட்ட ஆறு கெட்டதே என்று கைவிட வேண்டியதில்லை. 1858ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரின் தேம்சு ஆறு எழுப்பிய கழிவு நாற்றத்தால் ஆங்கிலேய நாடாளுமன்றமே நிலைகுலைந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்நகரை ஒட்டிய பகுதியில் மீன்கள் வாழ இயலாத நிலை ஏற்பட்டது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் அமைப்புகள் மேம்பட்ட பின்னர், மீன்கள் மீண்டும் அவ்வாற்றுக்குத் திரும்பின.

சிற்றாறு ஒவ்வோர் ஆண்டும் மழையால் புதுப்பிக்கப்படுகிறது. கடைக்காரர் எஞ்சிய எண்ணெயைக் கலனில் சேர்த்து மறுபயன்பாட்டுக்குக் கொடுத்தல், வாகனத்தை வடிகாலருகே கழுவாதிருத்தல், பருவமழைக்கு முன்பே வடிகாலைத் தூர்வாருதல், நெகிழி உறையை வீட்டுக்கே எடுத்துச் செல்லுதல் ஆகியவை எளிய செயல்களே. மலை தன் பங்கைத் தவறாமல் செய்கிறது. தாம் பெற்ற தூய நீரை அடுத்த ஊருக்கும் அவ்வாறே அனுப்புவது கரையில் வாழ்வோர் பங்கு.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் தெருவின் மழைநீர் வடிகால் எந்த நீர்நிலையைச் சென்றடைகிறது என்பதைக் கண்டறிந்து வரைபடமாக வரைக.
2. ‘இவ்வடிகால் ஆற்றுக்குச் செல்கிறது’ என்னும் கருத்தமைந்த விழிப்புணர்வு வாசகங்கள் ஐந்தினை எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
3. உங்கள் ஊரிலுள்ள குளம், ஊருணி ஆகியவற்றின் முந்தைய நிலையை முதியோரிடம் கேட்டறிந்து ஒருபக்க அளவில் கட்டுரை எழுதுக.