மெயினை அணைத்தால் போதுமா?

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்வதை எல்லோரும் முதல் நாளே கற்றுக் கொள்கிறோம். ஆபத்து நேரத்தில் அதற்குப் போகும் மின்சாரத்தை முழுவதும் நிறுத்துவது எப்படி? இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

நான் இன்ஜினியரிங் படித்துக் கொண்டிருந்தபோது, அரூரில் எங்கள் வீட்டு மேசைக்கு அடியில் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் புகை வந்தது. அப்பா ஓடிப்போய் மெயினை இறக்கினார். ஃபேன் நின்றது. ஆனால் பாக்ஸில் பொறி நிற்கவில்லை. அப்பா கையை நீட்டினார். "தொடாதீங்கப்பா! யு.பி.எஸ்.ல இருந்து கரண்ட் வருது" என்று கத்தினேன். யு.பி.எஸ். பட்டனை அழுத்திய பிறகே பொறி அடங்கியது.

யு.பி.எஸ்.ஸின் வேலையே அதுதான். மெயின் நின்றதும், தன் 12 வோல்ட் பேட்டரியில் இருந்து 230 வோல்ட் தயாரித்துக் கொடுக்கும். நீங்கள் அணைத்தீர்களா, மின்வெட்டா என்று அதற்குத் தெரியாது.

சர்வர் அறைகளில் இதே சிக்கல் பல மடங்கு பெரியது. அதனால் வாசல் அருகே சிவப்பு நிற அவசர பட்டன் வைப்பார்கள். அதை அழுத்தினால் ஒரு சிக்னல் பிரேக்கர்களை ட்ரிப் செய்யும், இன்னொன்று யு.பி.எஸ்.ஸை நிறுத்தும். அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 645ஆம் பிரிவு, தன் கீழ் வரும் அறைகளில் கருவிகள், ஏ.சி., யு.பி.எஸ். மூன்றையும் துண்டிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. கதவு திறக்கும் பட்டன் என்று நினைத்து யாராவது அழுத்திவிடாமல் இருக்க மேலே மூடியும் போடுவார்கள்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. மொத்தமாகத் துண்டிக்கும் ஸ்விட்ச் இல்லாததால், மின்சாரத்தை நிறுத்த ஏறக்குறைய 3 மணி நேரம் ஆனது என்று தீயணைப்புத் துறையின் அறிக்கை சொன்னது. நல்ல வேளையாக யாருக்கும் காயம் இல்லை.

நம் நாட்டிலும், மின் இணைப்பு தொடங்கும் இடத்தின் அருகிலேயே, எளிதில் எட்டும்படி மெயின் ஸ்விட்ச் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு விதிகளே சொல்லின. நம் வீடுகளிலோ அதற்கு முன்னால்தான் ராகி மூட்டையை அடுக்குகிறோம்!

புகை வந்தால் செய்ய வேண்டியவை:

1. முதலில் மெயினை இறக்குங்கள்.
2. தீ இல்லை, பட்டன் கைக்கு எட்டுகிறது என்றால் மட்டும் யு.பி.எஸ். பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். வீட்டுக்கு இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள்.
3. தண்ணீர் ஊற்றாதீர்கள்.
4. தீ பிடித்துவிட்டால் எல்லோரும் வெளியே வந்து 101க்குப் போன் செய்யுங்கள். சேமிக்காத ஃபைலைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒரு சின்னப் பயிற்சி. இன்று கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டு, யு.பி.எஸ்.ஸை ஆனிலேயே வைத்து, மெயினை இறக்கிப் பாருங்கள். வீட்டில் இன்னும் எது எரிகிறது, எது பீப் அடிக்கிறது? அவை ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஸ்விட்ச் எங்கே என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.