சுபானு யார்?

கேள்வி:

எனக்குச் சொந்த ஊர் கானாடுகாத்தான். வீட்டுக்கு வெள்ளையடிக்க இரண்டாங்கட்டு அறைகளை ஒழித்தபோது, பர்மாத் தேக்குச் சட்டம் போட்ட ஒரு பட்டாளப் படம் அகப்பட்டது. நடுவில் நாற்காலியில் வேட்டி கட்டிய ஒருவர். அவரைச் சுற்றிக் காக்கி உடுப்பில் ஆறு பேர். ஆறு பேர் தலையிலும் படகு மாதிரித் தொப்பி. இரண்டு பேர் கையில் துப்பாக்கி. பின்னால் மாடிப்படி வரைந்த திரை. அப்பச்சியின் அப்பா, அதாவது எங்கள் ஐயா, யுத்தத்தின்போது பட்டாளத்தில் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஆறு பேரில் அவர் முகம் இல்லை. நாற்காலிக்காரர் சாடையில் கொஞ்சம் ஒத்துப்போகிறார். ஆனால் ஐயாவுக்கு வலக் கன்னத்தில் மரு, இவருக்கு இடக் கன்னத்தில். வேட்டியும் முஸ்லிம்கள் கட்டுவதுபோல இடப்பக்கம் கட்டியிருக்கிறது. படத்தின் பின்புறம் பென்சிலில் ‘சுபானு’ என்றும், ஒரு சுழியும், ‘ஐப்பசி’ என்றும் எழுதியிருக்கிறது. அதனால் இவர் ஐயாவோடு வியாபாரம் செய்த சுபான் என்ற முஸ்லிம் நண்பராக இருக்கலாம் என்று பெரிய அத்தை சொல்கிறார். கீழே ஊதா மையில் சீன எழுத்து மாதிரி ஒரு வட்ட முத்திரை, பக்கத்தில் 2603 என்ற எண். அது சிப்பாய் நம்பரா? தொப்பியில் தேசப்படம் போன்ற வில்லை. அதில் மூன்று ஆங்கில எழுத்து, பூதக்கண்ணாடியில் ஏ, என், ஐ என்று தெரிகிறது. துப்பாக்கி பிடித்த இருவருமே இடக்கைக்காரர்கள்போல் இருப்பதும் விசித்திரம். இவர்கள் எந்த நாட்டுப் பட்டாளம்? எங்கள் ஊர்ப் பக்கத்து விமான ஓடுதளத்தில் யுத்தத்தின்போது இருந்தவர்களா? முன்புறம், பின்புறம் இரண்டையும் கைப்பேசியில் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்:

சுபானுவை நீங்கள் எந்த ஊரில் தேடினாலும் கிடைக்க மாட்டார். அது ஆள் இல்லை, வருஷம். பிரபவ, விபவ என்று போகும் அறுபதில் பதினேழாவது. ‘சுபானு’வுக்குப் பக்கத்தில் சுழி என்று எழுதியிருக்கிறீர்களே, அது ‘௵’, வருஷத்துக்கான பழைய குறி. உங்கள் ஐயா காலத்துப் பேரேடு ஒன்றைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சுழி நிற்கும். சுபானு வருஷம் 1943 சித்திரையில் பிறந்து 1944 பங்குனியில் முடிந்தது. அதில் ஐப்பசி என்றால் 1943 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை. பெரிய அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நாற்காலிக்காரருக்கு அவர் வைத்த பெயர் ஒரு மாதத்தோடு சேர்ந்து காலண்டருக்குப் போய்விட்டது.

2603 சிப்பாய் நம்பரும் இல்லை. அதுவும் வருஷம்தான், வேறொரு நாட்டுக் கணக்கில். ஜப்பானியர்கள் தங்கள் முதல் பேரரசர் ஜிம்மு பட்டமேறிய ஆண்டிலிருந்து ஒரு தொடராண்டு எண்ணினார்கள். நம் ஆங்கில ஆண்டோடு 660 கூட்டினால் அது வரும். 1940ஆம் ஆண்டு அவர்களுக்கு 2600. அந்த ஆண்டுக் கணக்கின் கடைசிச் சுழியத்தை வைத்துத்தான் ‘ஜீரோ’ என்ற போர் விமானத்துக்குப் பெயரே வந்தது. 1943 என்றால் 2603. பென்சிலில் எழுதியவர் தமிழ் வருஷத்தைப் போட்டார், முத்திரை குத்தியவர் ஜப்பான் வருஷத்தைப் போட்டார். ஒருவரை ஒருவர் கேட்காமலே இரண்டு பேரும் ஒரே ஆண்டைச் சொல்கிறார்கள். பழைய படத்துக்குத் தேதி வைக்கும் வேலையில் இப்படி இரண்டு சாட்சி ஒத்துப்போவது எனக்கு அபூர்வமாகத்தான் வாய்த்திருக்கிறது.

ஆக, உங்கள் ஊர் ஓடுதளத்தை விட்டுவிடலாம். செட்டிநாட்டில் பிரிட்டிஷ் படை பயன்படுத்திய ஓடுதளம் உண்மைதான். ஆனால் அங்கே யாரும் 2603 என்று முத்திரை குத்தியிருக்க மாட்டார்கள். குத்தியிருந்தால் உள்ளே போயிருப்பார்கள். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. ஜப்பானியர் அந்த ஊருக்கு ‘சியோனான்’ என்று பெயர் மாற்றினார்கள், கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள். தபால்தலையிலும் செய்தித்தாளிலும் 2602, 2603 என்று ஆண்டு போட்டார்கள். உங்கள் படம் பெரும்பாலும் மலாயாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. வட்ட முத்திரையில் உள்ளது சீன எழுத்தா, ஜப்பானியமா என்பதை இந்தப் படத்திலிருந்து பிரிக்க முடியவில்லை. இரண்டு மொழிக்கும் அந்த எழுத்துகள் பொது. யுத்தத்துக்கு முந்தைய மலாயாவில் சீனர்களும் ஜப்பானியர்களும் போட்டிபோட்டுக்கொண்டு ஸ்டுடியோ நடத்தினார்கள்.

இப்போது இடக்கைச் சிப்பாய்களுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் மிகவும் ரசித்த இடம் இதுதான். ஒரே படத்தில் இரண்டு பேருக்கு இடக்கைப் பழக்கம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிப்பாய்களை அல்ல, படத்தை. துப்பாக்கியின் நடுவில், விசைக்குச் சற்று மேலே, உருண்டை முனையோடு ஒரு சிறு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். குண்டை உள்ளே தள்ளும் தாழ்ப்பாளின் பிடி அது. பிரிட்டிஷ் பட்டாளத்து லீ-என்ஃபீல்ட் ரைபிளில் அந்தப் பிடி எப்போதும் வலப்பக்கம்தான். உங்கள் படத்தில் இரண்டு துப்பாக்கியிலும் இடப்பக்கம் இருக்கிறது. அடுத்து சட்டைப் பொத்தான்: ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வந்து வலப்பக்கத்தை மூடும். இங்கே தலைகீழ். ஓரத்தில் நிற்பவர் அதிகாரிபோல மார்புக்குக் குறுக்கே தோல்வார் போட்டிருக்கிறார். அது வலத்தோளிலிருந்து இடுப்பின் இடப்பக்கம் இறங்க வேண்டும். இவருக்கோ இடத்தோளில் கிடக்கிறது.

படம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் நெகட்டிவ் என்பது பெரும்பாலும் கண்ணாடித் தகடு. அதன் ஒரு பக்கத்தில்தான் மருந்துப் பூச்சு. பூச்சுப் பக்கத்தைத் தாளோடு ஒட்டவைத்து வெளிச்சம் காட்டினால் படம் சரியாக விழும். அவசரத்தில் தகட்டைப் புரட்டி வைத்துவிட்டால் வலம் இடமாகும். தாளுக்கும் பூச்சுக்கும் நடுவே கண்ணாடியின் கனம் வந்துவிடுவதால் விளிம்புகள் ஒரு மயிரிழை கரையும். உங்கள் படத்தில் மீசை நுனிகளும் திரையில் வரைந்த கைப்பிடிச் சுவரும் அப்படிக் கரைந்து நிற்பதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்புறம் எழுதியதும் முத்திரையும் மட்டும் நேராக இருப்பது ஏன் என்று கேட்பீர்கள். அவை அச்சான பிறகு தாளின் மேல் போட்டவை.

கைப்பேசியில் படத்தைத் திருத்தும் இடத்தில் இடவலம் மாற்றும் வசதி இருக்கும். ஒரு தட்டுத் தட்டுங்கள். துப்பாக்கி சரியாகும். வேட்டிக் கட்டு வலப்பக்கம் வரும். மரு வலக் கன்னத்துக்குப் போகும்.

உங்கள் வீட்டார் ஆறு சிப்பாய்களுக்குள் ஐயாவைத் தேடியிருக்கிறார்கள். அவர் இத்தனை காலமும் நடுவில் உட்கார்ந்திருந்தார். மரு ஒன்றை வைத்து நான் சாதிக்க மாட்டேன். ஐயாவின் வேறு படம், அறுபதாம் கல்யாணத்தில் எடுத்தது ஏதாவது இருந்தால், காது மடலையும் காதில் கடுக்கன் துளை இருக்கும் இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகம் சதை போட்டாலும் காதின் வடிவம் லேசில் மாறாது. நெருங்கிய முகத்தைத் திருப்பிப் போட்டால் யாரோ ஒருவர்போல் தெரிவது சகஜம். நம் முகத்தையே படத்தில் பார்த்து ‘இது நான்தானா’ என்கிறோமே, அதே கதை.

தொப்பி எழுத்துக்கும் இதுவே விடை. ஏ-யும் ஐ-யும் ஆங்கிலத்தில் கண்ணாடியில் காட்டினாலும் மாறாத எழுத்துகள்; இடம் மட்டும் மாறும். ‘என்’ என்ற எழுத்தின் குறுக்குக்கோடு மட்டும் எதிர்ப்பக்கம் சாயும். உங்கள் படத்தில் சாய்ந்திருக்கிறது. நேராக்கினால் ஐ.என்.ஏ. இந்தியத் தேசப்படத்தின் மேல் அந்த மூன்று எழுத்தும் பொறித்த வில்லை நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துடையது.

உடுப்பும் துப்பாக்கியும் பிரிட்டிஷ் பட்டாளம் மாதிரியே இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அவை பிரிட்டிஷ்காரன் விட்டுப்போனவைதான். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி சிங்கப்பூர் ஃபேரர் பார்க் மைதானத்தில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களிலிருந்து கேப்டன் மோகன் சிங் திரட்டிய முதல் ஐ.என்.ஏ. அந்த ஆண்டு டிசம்பரிலேயே குலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து அதைத் தூக்கி நிறுத்தியபோது, பழைய சிப்பாய்களோடு ரப்பர் தோட்டத்துத் தமிழர்களும் கடைச் சிப்பந்திகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 1943 அக்டோபர் 21ஆம் தேதி போஸ் சிங்கப்பூர் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மறுநாள் டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை முகாம் தொடங்கியது. கடைசி இரண்டும் ஐப்பசி முதல் வாரம். உங்கள் படமும் அந்த ஐப்பசிதான்.

அப்படியானால் ஐயா பட்டாளத்தில் இருந்தாரா? படம் அப்படிச் சொல்லவில்லை. பட்டாளத்தோடு இருந்தார் என்று சொல்கிறது. ராணுவக் குழுப்படத்தில் நடு நாற்காலி மூத்த அதிகாரிக்கு. ஸ்டுடியோவிலோ படத்துக்குக் காசு கொடுப்பவருக்கு. வேட்டியோடு ஒருவர் நடுவில் என்றால் எனக்குத் தோன்றுவது இது: ஐயா ஒரு மார்க்கா கடையில் மேலாளாகவோ அடுத்தாளாகவோ கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டிக்கடை நடத்த, போயிருப்பார். கிட்டங்கியிலோ பக்கத்துக் கடைகளிலோ வேலைபார்த்த பையன்கள் உடுப்பு மாட்டிக்கொண்டு முகாமுக்குப் போகும் முன் அவரோடு நின்று எடுத்த படமாக இருக்கலாம். இது என் ஊகம். ஆறு பேரில் இருவர் சட்டை தோளில் தொங்குகிறது, அளவெடுத்துத் தைத்ததில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள்.

நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நேதாஜிக்குப் பணம் கொடுத்தார்கள் என்பது தெரிந்த சங்கதி. அதைவிட எனக்குப் பிடித்தது சிங்கப்பூரில் அவர்களுடைய டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில் சங்கதி. அதே 1943 தசராவுக்கு நேதாஜியைக் கோவிலுக்கு அழைத்தார்கள். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் நுழைய முடியாத இடத்துக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்ல, நிர்வாகிகள் யோசித்து இசைந்தார்கள். ஆபித் ஹசன் போன்ற முஸ்லிம் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு அவர் உள்ளே போனார். பெரிய அத்தை ஊகித்த முஸ்லிம் நண்பர் உங்கள் படத்தில் இல்லாமல் போகலாம். ஆனால் அப்படியொரு நண்பர் அந்த ஐப்பசிக்கு முந்தின மாதம் முருகன் சந்நிதியிலேயே இருந்திருக்கிறார்.

ஐயா ஏன் விவரமாகச் சொல்லவில்லை என்பதும் புரிகிறது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும், எஸ்பிளனேடில் போஸ் அடிக்கல் நாட்டியிருந்த ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் மீது விசாரணை. கப்பலேறி ஊருக்கு வருகிறவர் வாயைத் திறப்பாரா? ‘பட்டாளம்’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் வம்பில்லை.

இரண்டு யோசனை. இந்தப் படத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள், பின்புறத்துப் பென்சில் எழுத்துதான் உங்கள் பத்திரம். காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குச் சட்டத்துக்கு ஆசைப்பட்டு விலை கேட்பார்கள். கொடுப்பதானால் சட்டத்தை மட்டும் கொடுங்கள். இன்னொன்று, ஐயாவின் பேரேடுகள் கறையான் தின்னாமல் இருந்தால் சுபானு ஐப்பசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். அப்போது மலாயாவில் ஓடியது ஜப்பானியர் அடித்த வாழைமர நோட்டு. யுத்தத்துக்கு முன் வாங்கிய கடனையெல்லாம் அந்தக் காகிதத்தில் திருப்பிக் கட்டி வட்டிக்கடைகளின் வயிற்றில் அடித்தார்கள். அப்படிப்பட்ட வருஷத்தில், ஏழு பேருக்கு ஒரு போட்டோப் படி என்று எத்தனை வெள்ளி பற்று வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஒரு நகரத்தார் மேலாள் அதை எழுதாமல் விட்டிருக்க மாட்டார். கூட நின்றவர்களின் பெயரையும் பக்கத்தில் எழுதியிருந்தால் எனக்கு ஒரு வரி போடுங்கள்.